மழைக்காலத்தில் சமையலறையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி:
யாங்கோனில் இருக்கிறோம், பெரிய குடும்பம், விடியும் முன்னே அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். மே முதல் அக்டோபர் வரை மழை, எதுவும் காய்வதில்லை, அரிசியில் வண்டு, ஙப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) வைத்த அலமாரி முழுக்க வாடை, தொட்டிக்கு அடியில் கரப்பான். கரண்டும் போய்ப் போய் வருகிறது. எங்கேயிருந்து தொடங்கலாம்?

பதில்:
முதலில் ஈரத்தைக் கவனி தங்கச்சி. படுக்கப் போகும் முன் தொட்டியையும் மேடையையும் காயத் துடைத்துவிடு, குப்பையை மூடி வெளியே வை. குடிக்கத் தண்ணீர் கிடைக்காத இடத்தில் கரப்பான் அதிக நாள் தாங்காது. ஙப்பிக்கு ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடிதான் சரி, பிளாஸ்டிக்கில் வாடை ஏறிவிடும்.

பதில்:
அக்கா சொன்னது சரி. அரிசியை ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் வைத்தால் வண்டின் முட்டையும் சாகும், ஆனால் கரண்ட் நிற்காத ஊருக்குத்தான் அது ஒத்துவரும், நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி இறுக்கமான டப்பாவில் போடுவதே மேல். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்கவே வேண்டாம், மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். அப்புறம் மிச்சச் சோறு, இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்: 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் பாசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியா பெருகும், அது விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

பதில்:
ப்ளீச்சையும் வினிகரையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.