புதுப்பிப்பு: மகளுக்கு ஏடிவி தேர்ந்தெடுத்தாயிற்று
பத்து வயது நிரம்பிய என் மகளுக்கு எந்த ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர மோட்டார் வண்டி) பொருந்தும் என்று டெக்சாஸிலிருந்து சென்ற மாதம் கேட்டிருந்தேன். வளரும் பிள்ளைதானே, பெரிய வண்டியாகவே வாங்கிவிடலாம் என்று சிலர் சொன்னீர்கள்; அந்த யோசனையை, மன்னிக்கவும், நான் ஏற்கவில்லை.

இங்கு சிறுவர் வண்டிகளில் 6, 10, 12 என்று குறைந்தபட்ச வயது ஒட்டப்பட்டிருப்பதால், 10 வயதுக்குரிய ஹோண்டா டிஆர்எக்ஸ்90எக்ஸ், யமஹா ராப்டர் 90 ஆகிய இரண்டை மட்டுமே பார்த்தோம். காலடிக் கட்டையில் எழுந்து நிற்கும்போது இருக்கைக்கும் உடலுக்கும் இடையே மூன்று அங்குலமாவது இருக்கிறதா, கைப்பிடியை முழுவதும் திருப்பினால் முழங்காலில் இடிக்கிறதா, விரல்கள் பிரேக்கை எட்டுகின்றனவா என்று இரண்டிலும் ஏற்றிப் பார்த்ததில் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஹோண்டாவில் கிளட்ச் பிடி இல்லாவிட்டாலும் நான்கு கியர்களைக் காலால் மாற்ற வேண்டும். முதல் வண்டியிலேயே அவள் கவனம் பிரேக்கிலும் வளைவில் உடலைச் சாய்ப்பதிலும் இருக்கட்டும் என்று கியர் மாற்றத் தேவையில்லாத யமஹாவையே எடுத்தோம். கட்டைவிரலால் அழுத்தும் முடுக்கியின் வேகக் கட்டுப்பாட்டுத் திருகைப் பெரிதும் இறுக்கி, வண்டி வேகமாகப் போகாதபடி வைத்திருக்கிறேன். அதில்தான் அவளுக்கு வருத்தம். சைக்கிள் ஹெல்மெட் இதற்கு உதவாது என்பதால் முகம் மூடும் ஹெல்மெட்டும் வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.