நெஞ்செரிச்சலே இல்லாத ஹையாட்டல் ஹெர்னியா: பார்த்தவர்கள் சொல்லுங்கள்
(நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் துளை வழியே இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறுவதுதான் ஹையாட்டல் ஹெர்னியா.)

எண்டோஸ்கோபி நர்ஸ்:
ஒரு பாட்டிக்கு ஹீமோகுளோபின் 7. இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறவில்லை, கொலனாஸ்கோபி (பெருங்குடலை கேமராவால் பார்ப்பது) நார்மல். பாட்டிக்கு எரிச்சல் துளியும் கிடையாது. "நாலு வாய் சாப்பிட்டா மூச்சு முட்டுது" என்பதோடு சரி. இரைப்பைக்குள் ஸ்கோப்பைத் திருப்பி மேலே பார்த்ததும் தெரிந்தது: உதரவிதானம் இறுக்கிப் பிடிக்கும் இடத்தில், மடிப்புகளின் முகட்டில், வரிவரியாகச் சிவந்த கீறல்கள். கேமரான் புண். மலம் கறுக்காமலே ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

குடும்ப மருத்துவர்:
அது பெரிய ஹெர்னியாவில் வருவது. ரத்தசோகை உள்ளவர்களெல்லாம் பயந்துவிடப் போகிறார்கள். 100-க்கு 90 பேருக்கு மேல் சறுக்கு வகைதான் (உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடமே மேலே சறுக்கி ஏறுவது), பலருக்குத் தொந்தரவே இருக்காது. "கோலம் போடக் குனிஞ்சா குடிச்ச காபி அப்படியே தொண்டைக்கு வருது" என்றார் ஒரு அம்மா. குமட்டாமல், முக்காமல் வந்தால் அது வாந்தியில்லை, எதுக்களிப்பு. அதை மட்டும் வைத்து ஹெர்னியா என்று சொல்லிவிட முடியாது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடம் உதரவிதானத்துக்கு மேல் 2 செ.மீ. ஏறியிருக்கிறதா என்று எண்டோஸ்கோபியில் பார்க்க வேண்டும். பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் உதவும்.

டயட்டீஷியன்:
படுத்தால் மட்டும் இருமல், காலையில் தொண்டை கம்மல். இருமல் சிரப்பை மாற்றி மாற்றிக் குடித்தவரிடம் ஹெர்னியாவுக்கு அதுதான் துப்பு. இப்படி இருப்பவர்கள் தலையணையை அடுக்காதீர்கள். இடுப்பு மடிந்து வயிறு இன்னும் அழுந்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15-20 செ.மீ. உயர மரக்கட்டை வையுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். பாவாடை நாடா, பெல்ட் இறுக்கம் கூடாது. டாக்டர் பான்டபிரசோல் (அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை) எழுதியிருந்தால் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பே போட வேண்டும், பிறகு போட்டால் பலன் குறையும்.

அவசரப்பிரிவு நர்ஸ்:
கட்டிலை விடுங்கள். நெஞ்சுவலி என்றால் முதலில் ஈசிஜி, ட்ரோபோனின் (மாரடைப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை). ஆன்டாசிட்டில் தணிந்தது என்பதற்காக இதயக் கோளாறு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. இங்கே வந்த ஒருவருக்கு மேல்வயிற்றில் கடும் வலி. ஓயாமல் ஓங்கரித்தார், சொட்டு வாந்தி இல்லை. மூக்கு வழியே விட்ட ட்யூப் பாதியில் முட்டி நின்றது. எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் காற்றும் நீரும் மட்டம் கட்டியிருந்தன. மேலேறிய இரைப்பை முறுக்கிக்கொண்டது, அன்றே ஆபரேஷன். பெரிய ஹெர்னியா என்று தெரிந்தவர் இப்படி ஓங்கரித்தால் ஓமத்தண்ணீர் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள்.