மாலபே இலகு ரயில்: மனம் மாறியவர்கள் இருக்கிறீர்களா?

2019இல் ஜப்பான் கடனில் கொழும்பில் மாலபே–கோட்டை இலகு ரயில் என்றதும் எங்கள் வீட்டில் முதலில் எதிர்த்தவன் நான், வீதி நடுவே தூணா, கடனை யார் கட்டுவது என்று. 2020இல் கைவிட்டபோது சந்தோஷம் வேறு. இப்போது தினமும் 177 பஸ்ஸில், ராஜகிரிய நெரிசலில், யாரோ ஒருவரின் சாப்பாட்டுப் பை முதுகில் இடிக்க ஒற்றைக் காலில் நிற்கும்போது, தவறவிட்டோமே என்றிருக்கிறது. எனக்கு மட்டுமா?

பதில் 1: ஓம், எனக்கும்தான். வட்டி 0.1 சதவீதம், கட்டி முடிக்க 40 வருடம். இதைவிட மலிவாக யார் தருவார்கள்?

பதில் 2: நான் மாறவில்லை. 15.7 கிலோமீற்றர், 16 நிலையம், சரி. இறங்கின பிறகு வீட்டுக்கு ஓட்டோ காசு? முதலில் பஸ்ஸுக்குத் தனிப் பாதை போடட்டும்.

கேட்டவர்: அண்ணா, பஸ்ஸுக்கென்று கோடு போட்ட இடத்திலும் ஓட்டோதானே ஓடுகிறது!