எட்டு மாதம் உழைத்தும் பேப்பர் இல்லை, இந்த வேலையை எங்கே கணக்குக் காட்டுவது?

நிலவொளி கேட்டது:

பிஎச்டி முடித்து போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளராக இரண்டாவது வருடம். ஒப்பந்தம் முடிய 14 மாதம் இருக்கிறது. சேர்ந்தவுடன் எனக்குக் கொடுத்த வேலை, எனக்கு முன்னால் இந்த லேபில் இருந்தவர் பேப்பராகப் போட்ட ஒரு ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு அதிலிருந்து மேலே போவது. ஆனால் அவருக்கு வெஸ்டர்ன் ப்ளாட்டில் (ஒரு புரதம் இருக்கிறதா என்று ஆன்டிபாடியை வைத்துப் பார்க்கும் சோதனை) வந்த பேண்ட், அதாவது அந்தப் புரதத்தைக் காட்டும் கோடு, எனக்கு வரவே இல்லை. 11 தடவை செய்தேன். கை சரியில்லையோ என்று நினைத்து பஃபர் எல்லாம் புதிதாகக் கலந்தேன், வேறொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் ஃப்ரீஸரில் ஒரு மூலையில் பழைய லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) ஆன்டிபாடி கொஞ்சம் மிச்சம் இருந்தது கிடைத்தது. ஒரே சாம்பிளை ஒரே ஜெல்லின் இரண்டு பாதியிலும் ஓட்டி, புரதங்களை மெம்ப்ரேனுக்கு மாற்றி, அதை நடுவில் வெட்டி, ஒரு பாதிக்குப் பழைய லாட், மறுபாதிக்குப் புது லாட். பழையதில் பேண்ட் இருக்கிறது, புதியதில் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஆக்டின் புரதம் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான்.

இதை கைடிடம் காட்டினேன். கோபப்படவில்லை. "சரி, அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்" என்றார், அவ்வளவுதான். குரூப் மீட்டிங்கில் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். அடுத்த மாதம் ஒரு புது மாணவி சேர்கிறார், அவருக்குக் கொடுக்கப்போகும் ப்ராஜெக்ட்டும் இதே பேண்டின் மேல்தான் நிற்கிறது. எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான். இன்னொரு பக்கம் என் சிவியில் இந்த எட்டு மாதம் வெறும் ஓட்டையாக இருக்கிறது. இதை நான் எப்படிக் கையாள வேண்டும்?

பழைய பெஞ்ச் எழுதியது:

மெம்ப்ரேனை வெட்டிப் பார்த்தீர்களே, அது நல்ல வேலை. ஆனால் இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது "இரண்டு லாட்டும் வேறு" என்பது மட்டும்தான், எந்த லாட் பொய் சொல்கிறது என்பது இன்னும் இல்லை. பாலிகுளோனல் ஆன்டிபாடியாக இருந்தால் ஒவ்வொரு லாட்டும் வேறு விலங்கின் ரத்தத்திலிருந்து வந்திருக்கலாம், அதனால் லாட்டுக்கு லாட் மாறுவது சாதாரணம். பழைய லாட் வேறு ஏதோ புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதே எடையில் பேண்ட் காட்டியிருக்கலாம். அல்லது பழையது சரியாக இருந்து புதியதுதான் வலு இல்லாமல் வந்திருக்கலாம். அந்த ஜீனை நீக்கிய நாக்அவுட் செல் வேண்டும். அதிலும் பழைய லாட் பேண்ட் காட்டினால் அது உங்கள் புரதம் இல்லை. செல் கையில் இருந்தால் இரண்டு வாரத்து வேலை, அதை முடிக்காமல் யாரிடமும் "பேப்பர் தப்பு" என்று வாயைத் திறக்காதீர்கள்.

முடித்ததும் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். லாட் எண், தேதி, வெட்டாத முழு ப்ளாட் படம், எல்லாம் இருக்க வேண்டும். கைடுக்கு மெயிலில் அனுப்புங்கள். வாயால் சொன்னது ஆறு மாதத்தில் யாருக்கும் நினைவிருக்காது. வெளியிடவும் இடம் இருக்கிறது. பயோஆர்க்கைவ் என்ற ப்ரீபிரிண்ட் தளத்தில் (ஜர்னலுக்கு முன்பே பேப்பரைப் போடும் இடம்) முந்தைய முடிவோடு முரண்படும் ரிசல்ட்டுகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, மைக்ரோபப்ளிகேஷன் பயாலஜி என்ற ஜர்னல் ஒரே ஒரு படத்தை வைத்துக்கூடப் போடுகிறது. இணை ஆசிரியர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கடைசி மேசை எழுதியது:

நான் சொந்தமாக ஒரு குழு நடத்துகிறேன், ஆள் எடுக்கும் கமிட்டியிலும் உட்கார்ந்திருக்கிறேன். மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மெயில் அனுப்புவதற்கு முன்னால் நேரில் ஒரு முறை பேசிவிடுங்கள். உங்கள் கைடின் கிராண்ட் அந்த பேண்டின் மேல் நிற்கலாம். முன்னறிவிப்பில்லாமல் எழுத்தில் வந்தால் எந்தக் கைடும் தற்காப்புக்குப் போய்விடுவார், நானும் ஒரு முறை அப்படிப் போனேன், அந்த மாணவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. பழைய பேப்பரிலிருந்து பேச்சைத் தொடங்காமல் புது மாணவியிடமிருந்து தொடங்குங்கள். "அவர் ஒரு வருடத்தை இதில் இழந்துவிடக் கூடாது" என்று சொன்னால் எந்த நல்ல கைடும் காது கொடுப்பார். அப்படியும் கேட்கவில்லை என்றால், ஆராய்ச்சி நேர்மைக்கென்று உங்கள் நிறுவனத்தில் இருக்கும் பொறுப்பாளரிடம் ரகசியமாக ஆலோசனை கேட்கலாம். அது புகார் கொடுப்பது ஆகாது.

சிவி விஷயத்தில் உள்ளதைச் சொல்கிறேன். 2012-ல் பேசி எழுதிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் ஜர்னல் இம்பாக்ட் ஃபேக்டரை (ஜர்னலின் பேப்பர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்கிறது, நிறைய நிறுவனங்கள் கையெழுத்தும் போட்டிருக்கின்றன. என்ன பங்களித்தீர்கள் என்று வாக்கியங்களில் எழுதச் சொல்லும் சிவியும் சில இடங்களில் வந்துவிட்டது, அங்கே இந்த எட்டு மாதத்தைத் தைரியமாக எழுதலாம், நான் அதை விரும்பிப் படிப்பேன். ஆனாலும் பல கமிட்டிகளில் முதலில் எண்ணுவது முதல் ஆசிரியர் பேப்பர்களைத்தான். அதனால் 14 மாதத்துக்குள் முடியக்கூடிய சின்னக் கேள்வி ஒன்றை இப்போதே கேட்டு வாங்குங்கள். யார் முதல் ஆசிரியர் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதி வையுங்கள். கிரெடிட் என்ற பட்டியலில் பங்களிப்பை 14 வகையாகப் பிரித்திருக்கிறார்கள், சரிபார்ப்பும் அதில் ஒரு வகை. அதை வைத்துப் பேசினால் சண்டை மாதிரித் தெரியாது.

வெளியே வந்தவள் எழுதியது:

தோழி, எல்லாரும் கைடைப் பற்றியே பேசுகிறார்கள். முன்னால் அங்கே இருந்தவரிடம் நேராகக் கேட்டீர்களா? அவர் இன்னும் எங்கேயோ இருக்கிறார், மெயில் முகவரி பேப்பரிலேயே இருக்கும். நான் ஆராய்ச்சியை விட்டு வந்து நாலு வருடம் ஆன பிறகு ஒரு பையன் என் பழைய ப்ரோட்டோகால் ஓடவில்லை என்று எழுதினான். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம், யாரோ அதைத் தொடுகிறார்களே என்று. உட்கார்ந்து பழைய நோட்டைத் தேடி எடுத்து, எழுதாமல் விட்ட ஒரு ஸ்டெப்பைச் சொன்னேன். குற்றம் சாட்டுகிற தொனி இல்லாமல் கேட்டால் பெரும்பாலானவர்கள் உதவுவார்கள்.

அப்புறம் ஒன்று. உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர்? ஒருவர்தான் என்றால் உங்கள் எதிர்காலம் முழுக்க அவர் கையில் இருக்கிறது, அந்தப் பயத்தில்தான் நியாயமான விஷயத்தைக்கூடப் பேச முடியாமல் போகிறது. நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். லேபுக்கு வெளியே இரண்டு பேர் உங்கள் வேலையைப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். பக்கத்து குழுவின் மீட்டிங்கில் போய் ஒரு நாள் பேசுங்கள், அவர்களுக்கு ஒரு சோதனையில் கை கொடுங்கள், இந்த வாரமே தொடங்குங்கள்.

நிலவொளி:

எல்லாருக்கும் நன்றி. முந்தையவரிடம் கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை, எழுதிய ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. அவருக்கும் கடைசி மாதங்களில் புது லாட்டில் பேண்ட் மங்கியிருக்கிறது, கிளம்பும் அவசரத்தில் அதைப் பின்தொடரவில்லையாம். நாக்அவுட் செல்லை அவரே அப்போது உருவாக்கி, நைட்ரஜன் டாங்க்கில் மூன்றாவது ரேக்கில் வைத்திருக்கிறார். இன்று போய்ப் பார்த்தேன், அவர் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய நாலு சின்னக் குப்பி அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை ஒன்றை உருக்கி வளர்க்கப்போகிறேன், கைடிடமும் அன்று காலை அரை மணி நேரம் கேட்டிருக்கிறேன்.