சிங்கப்பூர் 4 ராத்திரி, 40,000 ரூபாய்: கையை இறுக்கணுமா, விடணுமா?

முதல்சம்பளம்
திருச்சியிலிருந்து சிங்கப்பூர், தனியாள், 4 ராத்திரி 5 பகல். விமான டிக்கெட், விசா ரெண்டும் முடிஞ்சாச்சு. மிச்சம் எல்லாத்துக்கும் 40,000 ரூபாய். ரெண்டு சந்தேகம். இலவசமா பார்க்கிற இடங்களோட நிறுத்திக்கிட்டுப் பாதிப் பணத்தை மிச்சம் பிடிக்கலாமா, இல்ல டிக்கெட் இடங்களுக்கும் போகணுமா? அப்புறம், பணத்தை நோட்டா கொண்டுபோறதா, கார்டா? இப்பதான் எஸ்ஐபி (மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போடுறது) ஆரம்பிச்சிருக்கேன், அதை நிறுத்த மனசில்லை. அதான் இவ்வளவு யோசனை.

கணக்குப்பிள்ளை
வெள்ளிக்கு 66 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள நம்மவர்கள் வெள்ளி என்பார்கள்) 40,000 என்பது சுமார் 606 வெள்ளி. டார்மிட்டரி படுக்கை ராத்திரிக்கு 40 வீதம் 160. சாப்பாடு நாளுக்கு 20 வீதம் 100. ரயில், பஸ் நாளுக்கு 5 வீதம் 25. ஆக 285. மீதி 321 வெள்ளி, அதாவது 21,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

அந்த ஊரின் நல்ல காட்சிகளில் பாதிக்கு டிக்கெட்டே கிடையாது. கார்டன்ஸ் பை த பே வெளித்தோட்டம் இலவசம். அங்குள்ள சூப்பர்ட்ரீ என்ற ராட்சதச் செயற்கை மரங்களின் ஒளிக்காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும். முதல் காட்சி முடிந்ததும் கிளம்பினால் 20 நிமிட நடையில் மெரினா பே சாண்ட்ஸ் ஓட்டல் முன்புறம். அங்கே 9 மணிக்கு ஸ்பெக்ட்ரா நீர்க்காட்சி, அதுவும் இலவசம். தாவரவியல் பூங்கா 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் காசு. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827-இல் எழுந்தது. ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம், சாங்கி விமான நிலையத்து ஜுவல் வளாகத்தின் 40 மீட்டர் அருவி, எல்லாம் சும்மா பார்க்கலாம். செந்தோசா தீவுக்குள் போக ரயிலுக்கு 4 வெள்ளி. கடல் மேல் போட்ட நடைபாதையில் நடந்து போனால் காசில்லை.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஆசை இருந்தால், சாண்ட்ஸ் மேல்தளத்துக்கு 30 வெள்ளிக்கு மேல் போகும். டக்ஸ்டன் பினாக்கிள் என்ற அரசுக் குடியிருப்பின் 50-ஆம் மாடி நடைபாலத்துக்கு 6 வெள்ளி. நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ஊர்சுற்றி
பிள்ளை போட்ட பட்டியல்ல எல்லாம் இருக்கு, வெயிலைத்தான் காணோம். பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி மேல இருக்கிற ஊர் அது. வருஷம் முழுக்க 31, 32 டிகிரி, காத்துல ஈரம், வேர்வை காயவே காயாது. காலைல 11 மணியிலிருந்து சாயங்காலம் 4 வரைக்கும் ஹெண்டர்சன் வேவ்ஸ்ல நடந்தா அன்னிக்கு ராத்திரி 7.45 காட்சிக்கு நிக்கத் தெம்பு இருக்காது. அந்த அஞ்சு மணி நேரத்தை ஏசில கழிக்கணும்னா ஒண்ணு மால், இல்லாட்டி டிக்கெட் இடம். மால்ல உட்கார்ந்தா டிக்கெட் காசுக்கு மேலயே போயிடும், கையில ஒண்ணும் மிஞ்சாது.

அதனால தம்பி, ரெண்டு டிக்கெட் வாங்குங்க, ரெண்டே ரெண்டு. ஒண்ணு கார்டன்ஸோட கண்ணாடிக் கூடங்கள். அதுல ஒண்ணு கிளவுட் ஃபாரஸ்ட், அங்க 35 மீட்டர் அருவி, உள்ள குளுகுளுன்னு இருக்கும், மத்தியானத்துக்குன்னே கட்டின மாதிரி. ஒவ்வொரு கூடத்தையும் மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்கு மூடுவாங்க, தேதி பார்த்து வாங்குங்க. இன்னொண்ணு நைட் சஃபாரிங்கிற ராத்திரி மிருகக்காட்சி சாலை, இல்லேன்னா ஆசிய நாகரிக அருங்காட்சியகம். சோழர் காலத்து வெண்கலச் சிலைகளை அங்கே பக்கத்துல நின்னு பார்க்கலாம். நைட் சஃபாரி போனா திரும்பி வர்ற பஸ்ஸை முதல்ல பார்த்துக்கணும். கடைசி ரயிலை விட்டுட்டு நடுராத்திரி 12 தாண்டி டாக்ஸி பிடிச்சா மீட்டர் கட்டணத்துக்கு மேல 50 சதவீதம் கூடுதல். மிச்சம் பிடிச்சது அங்கேயே போச்சு.

கணக்குப்பிள்ளை
வெயில் வாதம் சரி. அதற்கு விடை டிக்கெட் அல்ல, அட்டவணை. காலை 7 முதல் 10.30 வரை பூங்கா, பாலம், கோயில். மத்தியானம் தங்குமிடத்தில் தூக்கம், அல்லது நூலகம். விக்டோரியா தெருவில் தேசிய நூலகக் கட்டடம் ஏசியோடு இலவசம், தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. 5 மணிக்கு மேல் மறுபடி கிளம்பலாம். சூரியன் மறைய 7 ஆகிவிடும்.

ஊர்சுற்றி
கடல் தாண்டிப் போய் மத்தியானம் தூங்கவா? அதுக்குத் திருச்சியிலேயே ஃபேன் இருக்கே!

ரசீதுராணி
நோட்டா கார்டா கேள்விக்கு வருவோம், அதை ரெண்டு பேரும் தொடவே இல்லை.

முதலில், இந்திய வங்கிக் கார்டு வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 முதல் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்தே வருகின்றன. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு, தொட்டுச் செலுத்துதல் என்ற இரண்டையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாட்டை மட்டும் திறந்து தொட்டுச் செலுத்துதலை விட்டால் கடையில் சொருகினால் எடுக்கும், ரயில் கேட்டில் எடுக்காது. வரம்புத் தொகையும் அங்கேயே இருக்கும், பூஜ்யத்தில் கிடக்கிறதா பாருங்கள்.

அடுத்து மார்க்கப், அதாவது வெளிநாட்டுச் செலவின் மேல் வங்கி கூட்டும் கட்டணம். பல கார்டுகளில் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13. 300 வெள்ளி தேய்த்தால் 19,800 ரூபாய்க்கு 818 ரூபாய் தண்டம். மார்க்கப் இல்லாத கார்டு இருந்தால் அதுதான் முதல் தேர்வு. டெபிட் கார்டால் அங்கே ஏடிஎம்மில் எடுப்பது கடைசி வழி, ஒவ்வொரு முறைக்கும் நிலையான கட்டணம் தனி.

கடைக்காரர் மெஷினை நீட்டும்போது "ரூபாயிலா, வெள்ளியிலா" என்று திரை கேட்கும். எப்போதும் வெள்ளி. ரூபாயைத் தொட்டால் அந்த மெஷின்காரர் சொல்வதே ரேட். பில் புரிகிற மாதிரி ரூபாயில் தெரியும், அதுதான் தூண்டில்.

நோட்டு வாங்குவதானால் ஊரிலேயே, உரிமம் பெற்ற இடத்தில். விமான நிலையக் கவுன்டரில் வேண்டாம். கூகுளில் 66 காட்டும்போது ஒருவர் 67க்குக் கொடுத்தால் ஒன்றரை சதவீதம், 71க்குக் கொடுத்தால் ஏழரை சதவீதம். "கமிஷன் இல்லை" என்று எழுதியிருந்தால் ரேட்டுக்குள் ஒளித்திருக்கிறார்கள் என்று பொருள். மாற்றும் தொகைக்கு ஜிஎஸ்டியும் உண்டு; 25,000 ரூபாய் வரை 45 ரூபாய்தான், பயப்பட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை
எனக்கு நோட்டுதான். கவரில் நாளுக்கு இவ்வளவு என்று பிரித்து வைத்தால் எவ்வளவு போனது என்று விரலுக்குத் தெரியும். கார்டு தேய்ப்பவருக்கு மாதக் கடைசியில்தான் தெரியும். ரயில், பஸ்ஸுக்குப் பணம் ஏற்றித் தொடும் ஈஸிலிங்க் கார்டு 10 வெள்ளி, அதில் 5 வெள்ளி பயணத்துக்கு.

ரசீதுராணி
மீதி 5 வெள்ளி கார்டு விலை, திரும்ப வராது. அதைச் சொல்லாமல் விட்டீர்கள், கணக்குப்பிள்ளை.

நம்முடையது போன்ற வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர் வகைக் கார்டை நேராகக் கேட்டில் தொடலாம். பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு (100 காசு ஒரு வெள்ளி) நிர்வாகக் கட்டணம். நாளுக்கு 5 வெள்ளிப் பயணத்தில் மார்க்கப் 21 காசு. கூட்டினால் நாளுக்கு 81 காசு, 5 நாளைக்கு 4 வெள்ளிச் சொச்சம். ஈஸிலிங்கில் 5 வெள்ளி போகிறது. ஆக 5 நாளைக்கு வங்கிக் கார்டே சல்லிசு, 6 நாளில் சமம், அதற்கு மேல் தங்கினால் உங்கள் கட்சி ஜெயிக்கும். மார்க்கப் இல்லாத கார்டு என்றால் 8 நாள் வரை தாங்கும். ரூபே கார்டை மட்டும் கேட்டில் நம்பிப் போக வேண்டாம்.

கணக்குப்பிள்ளை
90 காசுக்கு இத்தனை வரியா! ஈஸிலிங்க் கார்டு 5 வருஷமாவது செல்லும், திரும்பி வந்ததும் அடுத்துப் போகிறவருக்குக் கொடுக்கலாம். வங்கிக் கார்டைக் கொடுப்பீர்களா?

தேக்கா_முனை
சிங்கப்பூர்லேருந்து எழுதுறேன். ரெண்டு பேர் சொல்றதுலயும் ஓட்டை இருக்கு.

எந்தக் கார்டா இருந்தாலும் ஏறும்போது தொட்டதையேதான் இறங்கும்போதும் தொடணும். போன்ல ஏத்தின கார்டும் பர்ஸுல இருக்கிற கார்டும் ஒரே கணக்கா இருந்தாலும் மெஷினுக்கு ரெண்டும் வேற வேற. போன்ல ஏறி, பிளாஸ்டிக்ல இறங்கினா ரெண்டுலயும் அரைகுறைப் பயணமா பதிவாகிக் கட்டணம் கூடும். பர்ஸோட வைக்காதீங்க, கார்டை வெளிய எடுத்துத் தொடுங்க. பஸ்ல இறங்கும்போது தொட மறந்தா அந்தப் பஸ்ஸோட கடைசி நிறுத்தம் வரைக்கும் காசு பிடிப்பாங்க. ஊர்ல அந்தப் பழக்கம் இல்லாததால புதுசா வர்றவங்க விடுறது இதைத்தான். ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு 45 நிமிஷத்துக்குள்ள மாறினா தொடர் பயணமா கணக்காகும், தூரத்துக்கு மட்டும்தான் காசு. பஸ்ல ரொக்கம் போட்டா மீதி தர மாட்டாங்க.

சாப்பாட்டுக்கு ரொக்கம் வேணும். உணவங்காடி நிலையங்கள்ல நிறைய கடைங்க ரொக்கம், இல்லேன்னா உள்ளூர் கியூஆர்தான். அந்தக் கியூஆருக்குப் பெரும்பாலும் சிங்கப்பூர் பேங்க் கணக்கு வேணும். 2023ல யுபிஐயையும் சிங்கப்பூரோட பணம் அனுப்புற முறையான பேநவ்வையும் இணைச்சாங்களே, அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்ப. கடையில ஸ்கேன் பண்ண இல்ல. 5 நாளைக்கு 120 வெள்ளி சின்ன நோட்டா வச்சுக்குங்க, மத்ததைக் கார்டுல பாருங்க. பத்தலேன்னா தேக்காவுல (லிட்டில் இந்தியா) முஸ்தபா கடை பக்கத்துல இந்திய ரூபாயை மாத்தலாம். நாலு கடையில ரேட் கேளுங்க. இந்தியாவுலேருந்து ரூபா நோட்டு 25,000 வரைக்கும்தான் கொண்டு வரலாம்.

நாளுக்கு 20 வெள்ளி சாப்பாடு சாத்தியம்தான், அங்காடிக் கடைங்கள்ல 4லேருந்து 7 வெள்ளிக்குள்ள ஒரு வேளை முடியும். ஆனா ஒரு தடவை ஏசி ரெஸ்டாரன்ட்ல உட்கார்ந்தா கணக்கு உடையும். மெனுவுல விலைக்குப் பக்கத்துல ++ இருந்தா 10 சதவீத சேவைக் கட்டணம், அதுக்கும் சேர்த்து 9 சதவீத ஜிஎஸ்டி. 20 வெள்ளி 23.98 ஆகும். கேட்காமலே மேசையில வைக்கிற ஈரத்துண்டும் வேர்க்கடலையும் சில இடங்கள்ல பில்லுல வரும். தொடாம "வேண்டாம்"னு திருப்பிக் குடுத்துடுங்க. கடல் உணவுக்கு விலை 100 கிராமுக்கா, முழு மீனுக்கான்னு கேட்டுட்டுச் சொல்லுங்க.

சைவம்னா கவனம். சீனக் கடையில கீரைப் பிரட்டல்ல காஞ்ச இறால், சிப்பிச் சாறு இருக்கும். சைவச் சீனக் கடைன்னே தனியா இருக்கு, அங்க போங்க. தேக்கா நிலையத்துல நம்ம சாப்பாடே கிடைக்கும். டீ கேட்கிறதும் ஒரு வித்தை: "தே"ன்னா கெட்டிப்பால் டீ, "தே ஓ"ன்னா பால் இல்லாம சீனியோட, "தே சி"ன்னா சீனி இல்லாத ஆவிப்பாலும் தனியா சீனியும். சீனியே வேணாம்னா பின்னால "கோசோங்"னு சேர்க்கணும். ஐஸ் போட்டா "பெங்", கொஞ்சம் கூட ஆகும். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டு வைக்கணும். முதல் தடவை எச்சரிக்கை, அப்புறம் 300 வெள்ளி அபராதம். தண்ணி பாட்டில் வாங்காதீங்க, குழாய்த் தண்ணி குடிக்கலாம்.

படுக்கைக்கு வீட்டு அறையைச் சல்லிசா யாராவது காட்டினா எடுக்காதீங்க. தனியார் வீட்டை 3 மாசத்துக்குக் குறைவா, அரசு வீட்டை 6 மாசத்துக்குக் குறைவா வாடகைக்கு விடுறது சட்டப்படி கூடாது. கார் பந்தய வாரத்துல விடுதி விலை ஏறிடும், தேதியைப் பாருங்க.

முதல்சம்பளம்
ரொம்ப உபயோகமா இருக்கு அண்ணா. கணக்குப்பிள்ளை ஐயா, ஒரு டீ 1.60 வெள்ளின்னா 105 ரூபாய் ஆகுதே. ஒவ்வொண்ணையும் 66-ஆல பெருக்கினா எதையும் வாங்கத் தோணலை.

ஊர்சுற்றி
பெருக்குறதை விமானத்துல ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும். 606 வெள்ளின்னு ஆயிட்டா அப்புறம் 606ல எவ்வளவு போச்சுன்னு மட்டும் பாருங்க. 105 ரூபாய்க்கு டீயான்னு குடிக்காம விட்டு, வெயில்ல தலை சுத்தி, 25 வெள்ளிக்கு டாக்ஸி பிடிச்சா எது நட்டம்?

கணக்குப்பிள்ளை
இதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். சாப்பாடு, தண்ணீர், ரயில் மூன்றையும் பெருக்க வேண்டாம். ஆனால் வாங்கி வரும் பொருளைக் கட்டாயம் பெருக்குங்கள். அதே வாசனைத் திரவியம், அதே மெமரி கார்டு இங்கே என்ன விலை என்று போனில் பார்த்துவிட்டு வாங்குங்கள். முஸ்தபாவில் கூடை நிரம்புவது தெரியாது.

ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் என்று கணக்கில் சேர்ப்பவர்களுக்கு ஒன்று. அந்தத் திட்டத்தில் உள்ள கடையில், வரி சேர்த்துக் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்க வேண்டும், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். 200 வெள்ளி பில்லில் வரி 16.51தான், 18 அல்ல; அதிலும் கையாளும் கட்டணம் கழியும். சூட்கேஸில் வைத்து அனுப்பும் பொருள் என்றால் சூட்கேஸை விமானத்தில் போடுவதற்கு முன்பே இயந்திரத்தில் பதிவு செய்யுங்கள். சோதனைக்குக் காட்டச் சொன்னால் பொருள் கையில் இருக்க வேண்டும்.

ரசீதுராணி
சிங்கப்பூர் வருகை அட்டைக்குக் காசு கிடையாது. இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் அரசுத் தளத்தில் நிரப்பலாம். தேடினால் முதலில் வரும் சில தளங்கள் அதே படிவத்துக்குக் கட்டணம் வாங்கும். மிச்சம் பிடிக்கும் கட்சி, செலவழிக்கும் கட்சி இரண்டும் ஏமாறும் இடம் இதுதான்.

முதல்சம்பளம்
கண்ணாடிக் கூடங்களுக்கு மட்டும் டிக்கெட், நைட் சஃபாரி இல்லை. ஒரு மத்தியானம் நூலகம். மார்க்கப் இல்லாத கார்டு ஒண்ணு விண்ணப்பிக்கிறேன், கூட 120 வெள்ளி நோட்டு.

ஊர்சுற்றி
நூலகமா! பிள்ளை ஜெயிச்சுட்டார் போல.

தேக்கா_முனை
கடைசி நாள் சில்லறையை மறந்துடாதீங்க தம்பி. காசு மாத்துற கடையில நோட்டுதான் எடுப்பாங்க, நாணயம் எடுக்க மாட்டாங்க. ஒரு வெள்ளி நாணயம் ஆறு சேர்ந்தா 400 ரூபாய். விமான நிலையம் கிளம்புறதுக்கு முன்னாடி தேக்காவுல ஒரு தே, ஒரு பிராட்டா, கணக்கு சரியாப் போயிடும்.