கனடாவின் வடக்கு: எழுத்தாளர்கள் கண்ட நிலமா, கற்பித்துக்கொண்ட நிலமா?

கேள்வி

கனடிய இலக்கியத்தைச் சில மாதங்களாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எதை எடுத்தாலும் வடக்கு என்பது ஆளற்ற வெண்பரப்பாகவும், உள்ளே போனவரைத் திருப்பி அனுப்பாத இடமாகவுமே வருகிறது. சுற்றிலும் காடு சூழ, மதிலுக்குள் ஒண்டிக்கொண்ட சிறு கூட்டத்தின் மனநிலை கனடிய எழுத்தில் படிந்திருப்பதாகக் கனடியத் திறனாய்வாளர் நார்த்ராப் ஃப்ரை 1965இல் எழுதினார். எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் தம் 1972ஆம் ஆண்டுத் திறனாய்வு நூலில், பிழைத்துக் கிடத்தலே இவ்விலக்கியத்தின் மையக் குறியீடு என்றார். ஆனால் கனடியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள். அப்படியானால் இந்த வடக்கு, தெற்கத்திய நகரங்களின் கணப்பு அருகே அமர்ந்து எழுதப்பட்ட அச்சந்தானா? நேரில் பாராமல் எழுதியது இலக்கியத்தில் குறையாகுமா?

மறுமொழி 1

பாராமல் எழுதுவதற்கு ராபர்ட் சர்வீஸ் நல்ல எடுத்துக்காட்டு. வடமேற்குக் கனடாவிலுள்ள யூக்கானின் தங்க வேட்டைக் கவிஞர் என்று இன்றும் கொண்டாடப்படும் அவர், அந்த வேட்டை ஓய்ந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே வங்கி எழுத்தராக அங்குள்ள வைட்ஹார்ஸ் ஊருக்கு மாற்றலாகி வந்தவர். 1907இல் வெளியான தொகுப்பின் புகழ்பெற்ற பாடல்களை எழுதியபோது தங்க வேட்டையின் தலைநகரான டாசனை அவர் பார்த்திருக்கவில்லை. குளிரில் உறைந்து மடிந்து, கொதிகலனில் எரிக்கப்படும் கதைநாயகனுக்கு அவர் சூட்டிய பெயர்கூட வங்கிக்கு வந்துபோன ஒருவருடையது. ஒண்டாரியோக்காரரான அந்த மனிதர் பாட்டில் டென்னசிக்காரர் ஆகிவிட்டார்! எனினும் அப்பாடல்களின் சந்தத்தில் கேட்பவரைக் கட்டிப்போடும் ஆற்றல் இருப்பதை மறுக்க இயலாது. ஆகவே பாராமல் எழுதியதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். அதைப் புவியியலாக எடுத்துக்கொண்டதே வாசகர்களின் பிழை.

மறுமொழி 2

முன்னவர் எளிதில் மன்னித்துவிடுகிறார். அந்தப் புவியியலுக்கு உயிர்களே விலையானதுண்டு. ஆர்க்டிக் கடல்வழி தேடி 1845இல் பிரிட்டனிலிருந்து இரண்டு கப்பல்களில் புறப்பட்டுப் போன ஃபிராங்க்ளின் குழுவினர் 129 பேரும் மாண்டார்கள். அவர்களுடைய இறுதி நாட்களைப் பற்றி அந்த வடக்கின் தொல்குடிகளான இனுயிட் மக்கள் சொன்னதை 1854இல் பயணி ஜான் ரே இலண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பசிக்கொடுமையில் மனித உடலைத் தின்றார்கள் என்ற செய்தியை ஏற்க மனமில்லாத சார்லஸ் டிக்கன்ஸ், தம் இதழில் அம்மக்களின் வாய்மொழியையே பழித்து எழுதினார். அவ்விரண்டில் ஒன்றான எரிபஸ் கப்பல் 2014இல் அகப்பட்ட இடமோ, இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுட்டிவந்த பகுதியில்தான் இருந்தது.

ஆளற்ற வெளி என்ற கற்பனையைக் கலைக்க, இனுயிட் பெண் மிட்டியார்யுக் நாப்பாலுக் எழுதிய 'சானாக்' என்ற புதினத்தை வாசியுங்கள். பள்ளி வாசலை மிதிக்காத அப்பெண்மணி 1950களில் தம் மொழியின் அசையெழுத்தில் எழுதத் தொடங்கியது, 1984இல்தான் நூலாயிற்று. ஆங்கிலத்துக்கு வந்தது 2014இல். அதில் பனி எங்கும் இருக்கிறது, ஆனால் யாரும் அதை நின்று வியப்பதில்லை. பனிவீடு கட்டுகிறார்கள், படகைச் செப்பனிடுகிறார்கள், நாய்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். கடல்நீர் வற்றும்போது மேலே உறைந்த பனித்தட்டு கூரைபோல் நின்றுவிட, அதற்கடியில் இறங்கி, ஏற்றம் திரும்புவதற்குள் சிப்பி பொறுக்கி வருகிறார்கள். தெற்கத்தியப் புதினங்களில் குளிர்காலம் வழியை அடைக்கும். இங்கோ கடலும் ஏரியும் உறைவதால் வழி திறக்கிறது, சறுக்குவண்டி எங்கும் போகிறது. பனி இளகும் பருவம்தான் மனிதரை ஓரிடத்தில் முடக்குகிறது.

மறுமொழி 3

'சானாக்' பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஆயினும் வெளியிலிருந்து வந்தவனுக்கு அச்சம், மண்ணின் மைந்தனுக்கு நிம்மதி என்று கோடு கிழிப்பதில் உடன்பாடில்லை. மார்கூசி பட்சாவுக் என்ற இனுயிட் எழுத்தாளரின் வேட்டைக் கதை 1970இல் வந்தது. கரடியைத் துரத்திப் போன கூட்டத்தில் எஞ்சிய இளைஞன், தாயையும் மணமகளையும் பனிக்கடலுக்குப் பலிகொடுத்தபின் தன் ஈட்டியாலேயே உயிர்விடுகிறான். அட்வுட் சொன்ன பிழைத்துக் கிடத்தல்கூட அங்கே இல்லை.

அந்த எழுத்தாளரின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் சிறுவனாயிருந்தபோது, 1953இல், கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து அவருடைய குடும்பம் உட்படச் சில குடும்பங்களை அரசு பெயர்த்து, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே ரெசொலூட்டிலும் கிரைஸ் ஃபியோர்டிலும் இறக்கிவிட்டது. கோடையில் காட்டுப்பழம் பறித்துப் பழகியவர்கள், குளிர்காலத்தில் மூன்று மாதம் சூரியன் தலைகாட்டாத நிலத்தில் முதல் ஆண்டைக் கூடாரத்தில் கழித்தார்கள். வடக்கு என்றால் எல்லாம் ஒன்றுதான், இனுயிட் மக்கள் எங்கும் பிழைத்துக்கொள்வார்கள் என்ற அலுவலகக் கற்பனைக்கும் வங்கி எழுத்தரின் கற்பனைக்கும் தொலைவு அதிகமில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இரண்டாம் மறுமொழியில் பனி என்ற ஒரே சொல் வீடாகவும் கூரையாகவும் சாலையாகவும் வருகிறது. நம் முன்பனி, பின்பனிக் காலங்களோ விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரத்தோடு முடிந்துவிடுபவை. புலம்பெயர் எழுத்தில் பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாம் திணை எனப்படுகிறது. ஆனால் அத்திணைக்குக் கருப்பொருள் எழுதச் சொற்கள் போதுமா? 'சானாக்' தமிழுக்கு வந்தால் எப்படிச் சமாளிப்பது?

மறுமொழி 2 எழுதியவர்

'சானாக்' எழுதப்பட்ட இனுயிட் மொழியில் விழுந்துகொண்டிருப்பது கனிக், தரையில் கிடப்பது அபுத், உறைந்த கடல் சிகு. மூன்றையும் பனி என்று எழுதினால், சிப்பி பொறுக்கும் பெண் எதற்கடியில் நிற்கிறாள் என்பதே வாசகருக்குப் புரியாது. நானாக இருந்தால் முதலிரண்டையும் பெய்பனி, கிடைபனி என்று ஆக்கிக்கொண்டு, சிகுவை மட்டும் சிகு என்றே விட்டுவிடுவேன்.