எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம் என்று எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்திருக்கிறது, எவ்வளவு தூரம் பயப்பட வேண்டும்?

கேட்டவர்:
வணக்கம். வயது 41. சில வாரங்களாக இடுப்பு வலி. இப்போது இடது பிட்டத்தில் தொடங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேல்பகுதி வரை சுருக்கென்று இழுக்கிறது. எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது. ரிப்போர்ட்டில் உள்ளவை:

எல்3-எல்4: டிஸ்க் டெசிகேஷன், லேசான பல்ஜ்
எல்4-எல்5: இடது பாராசென்ட்ரல் ப்ரொட்ரூஷன், தீக்கல் சாக் அழுத்தம், எல்5 நரம்பு வேரைத் தொடுகிறது
எல்5-எஸ்1: ஃபேசட் மூட்டுத் தேய்மானம்
எல்2: ஹெமான்ஜியோமா
லம்பார் லார்டோசிஸ் குறைவு

இவ்வளவும் கெட்டுப்போய்விட்டதா? ஹெமான்ஜியோமா என்றால் கட்டியா? ராத்திரி தூக்கமே வரவில்லை.

பிசியோதெரபிஸ்ட்:
சார், முதலில் ஹெமான்ஜியோமா. எலும்புக்குள் இருக்கும் சாதாரண ரத்தநாளக் கொத்து அது, புற்றுநோய் இல்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது நிறைய பேருக்குத் தற்செயலாகத் தென்படும். டாக்டரிடம் காட்டுங்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். லார்டோசிஸ் குறைவு என்பது இடுப்பின் இயல்பான வளைவு நேராகியிருப்பது. வலியில் தசை இறுகினாலே அப்படித் தெரியும்.

எல் என்பது இடுப்புப் பகுதி முதுகெலும்பு, எஸ் அதற்குக் கீழே உள்ளது; எண்கள் மேலிருந்து வரிசை. டிஸ்க் என்பது இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை. டெசிகேஷன் என்றால் அந்த டிஸ்க்கில் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது, அதனால் டி2 என்ற எம்ஆர்ஐ படவகையில் கறுப்பாகத் தெரிகிறது. பல்ஜ் என்றால் டிஸ்க் பரவலாக உப்புவது, ப்ரொட்ரூஷன் என்றால் ஓரிடத்தில் மட்டும் பிதுங்குவது. ஃபேசட் என்பது முதுகெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் சிறு மூட்டு. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தது. உங்களைப் போல 40களில் இருப்பவர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும், 50 சதவீதம் பேருக்கு பல்ஜும், 33 சதவீதம் பேருக்கு ப்ரொட்ரூஷனும் இருந்தன. வலி இல்லாதவர்களுக்கே இப்படி. ரேடியாலஜிஸ்ட் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவார், அது அவர் கடமை. எது வலிக்குக் காரணம் என்பதைப் படம் மட்டும் சொல்லாது.

உங்கள் ரிப்போர்ட்டில் நான் நிறுத்திப் படிப்பது எல்4-எல்5 வரியைத்தான். அதில் வரும் தீக்கல் சாக் என்பது நரம்புகளைச் சுற்றியுள்ள உறை. அந்த இடத்தில் பாராசென்ட்ரலாக, அதாவது நடுவிலிருந்து சற்றுப் பக்கவாட்டில் பிதுங்கினால், கீழே இறங்கிப் போகும் எல்5 வேர்தான் பெரும்பாலும் அழுந்தும். எல்5இன் வலி நீங்கள் சொன்ன அதே பாதையில்தான் போகும். பக்கமும் இடது, வலியும் இடது. படமும் காலும் ஒரே கதையைச் சொல்கின்றன. வலது காலில் வலி என்றிருந்தால் இதே வரியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

இரண்டு சோதனை செய்து பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் மட்டும் சில அடிகள் நடங்கள். பிறகு உட்கார்ந்து இரண்டு கால் கட்டைவிரலையும் மேலே தூக்கி, யாரையாவது கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சமமா?

இதே வலி பட்டவர்:
தம்பி, எனக்கு எல்5-எஸ்1இல் எக்ஸ்ட்ரூஷன், அதாவது டிஸ்க் இன்னும் அதிகமாகப் பிதுங்கி வெளியே வந்திருந்தது, ப்ரொட்ரூஷனைவிட ஒரு படி மோசம். ஆபரேஷன் இல்லாமலே சரியானது. பிதுங்கி வெளியே வந்த துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வது உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வராமல் தேங்குவது, அல்லது சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, மறைவிடத்தையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது, இதில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அழுத்தம் பல மணி நேரம் நீடித்தால் நரம்பு மீளாமல் போகலாம்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்படி எதுவும் இல்லை. மேடம், குதிகாலில் நடக்க முடிகிறது. ஆனால் இடது கட்டைவிரலை மனைவி அழுத்தியதும் சட்டென்று கீழே போய்விடுகிறது. வலதை அவளால் அசைக்க முடியவில்லை. வலி என்னவோ முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அது நல்லதுதானே?

பிசியோதெரபிஸ்ட்:
சார், இப்போது என் பதில் மாறுகிறது. கட்டைவிரல் பலவீனம் எல்5 நரம்பின் வேலை குறைந்திருப்பதைக் காட்டலாம். வலி குறைந்து பலமும் குறைந்தால் அதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த வாரம் வரை விடாதீர்கள். நாளைக் காலையில் டாக்டர் அலுவலகத்துக்குப் போன் செய்து, "கால் விரலில் பலம் குறைந்திருக்கிறது" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள், முன்னதாகப் பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால் வேறு முதுகெலும்பு நிபுணரைப் பாருங்கள். பாதமே தூக்க முடியாமல் தரையில் இழுபட ஆரம்பித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இதனால் ஆபரேஷன் உறுதி என்று நினைக்க வேண்டாம். லேசான பலவீனம் மருந்தோடும் பயிற்சியோடும் திரும்புவதை நிறைய பார்த்திருக்கிறேன். ஆனால் அது லேசானதா, கூடிக்கொண்டே போகிறதா என்பதை ஒருவர் நேரில் கை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவரை குனிந்து பாரம் தூக்காதீர்கள், நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்காராதீர்கள். படுத்தே கிடக்கவும் வேண்டாம், வலி தாங்குமளவு நடங்கள். முதுகை நெட்டி முறிக்கும் வைத்தியத்துக்கு இப்போது போகவே கூடாது.

ரிப்போர்ட் தாளோடு படங்களையும் கொண்டுபோங்கள். கட்டைவிரல் விஷயத்தை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

கேட்டவர்:
காலையில் முதல் வேலையாகப் போன் செய்கிறேன், மேடம். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.